என்னைப் பிடிக்க வந்த குணசீலன் அண்ணை

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த அஜின்கோர்ட்டில் ஒரு வங்கிக் கிளையில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஒன்லைன் மோசடிகளைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ட்ரெயினிங் தந்தார்கள். என்னையே மோசடிக்காரி என்று ஒருவர் பிடிக்க வந்தால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

வந்தவர் குணசீலன் அண்ணை. பக்கத்து நகரமான மார்க்கத்தில் வீடு வாங்கி விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட். பஸ் தரிப்பிடங்களில் கைகட்டிச் சிரிக்கும் விளம்பரப் படத்தால் ஊருக்கே தெரிந்தவர். அன்று கறுப்புக் கண்ணாடியோடு வந்து, கணக்கில் இருந்ததில் பெரும்பகுதியைக் காசாகக் கேட்டார். எதற்கு என்றேன். வீட்டில் திருத்த வேலை என்றார். என்ன வேலை என்றேன். அது உமக்கேன் என்றவர், குனிந்து சட்டைப் பையைப் பார்த்துத் தலையாட்டினார். பைக்குள் போனில் யாரோ லைனில் இருந்தார்கள்.

கணக்கைத் திறந்து பார்த்தேன். அன்று காலை ஒன்லைனில் பாஸ்வேர்ட் மாற்றப்பட்டு, முன்பின் தெரியாத ஒருவருக்குப் பணம் போயிருந்தது. உடனே கணக்கை முடக்கிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் பதறவில்லை. என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தங்கச்சி, உம்மைப் பிடிக்கத்தான் வந்தனான்."

மெல்ல மெல்லக் கதை வெளியே வந்தது. காலையில், கணக்குப் பூட்டப்பட்டுவிட்டதென்று ஒரு மெசேஜ். லிங்க்கைத் தட்டி, கார்ட் நம்பர், பாஸ்வேர்ட், போனுக்கு வந்த கோட் எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறார். பிறகு வங்கியின் விசாரணை அதிகாரி என்று ஒருவன் அழைத்தான். கிளைக்குள்ளேயே கள்ளர் இருக்கிறார்கள், காசை எடுத்து என்னிடம் தாருங்கள், அவர்களைப் பிடிக்க உங்களைப் போன்ற கெட்டிக்காரர் தேவை என்றான். அந்த ஒரு சொல்லில் அண்ணை விழுந்துவிட்டார். எங்கள் வங்கி அவரை ஒருநாளும் கெட்டிக்காரர் என்றதில்லை; ஹோல்டில் போட்டுச் சங்கீதம் கேட்க வைத்ததுதான்.

"என்னைப் பிடிக்கிற ஆளுக்கு என்ரை பேர் தெரியவேணுமே அண்ணை. கேட்டுப் பாருங்கோ."

போனை எடுத்துக் கேட்டார். அவன் சற்று யோசித்து, ஜெனிஃபர் என்றான். அண்ணை என் பெயர்ப் பட்டியைப் படித்தார்: சாரதாதேவி. அப்போதும் விடவில்லை. நான் வேறு ஆளின் பட்டியைக் குத்திக்கொண்டு நிற்கலாமோ என்று கள்ளனிடமே ஆலோசனை கேட்டார். நான் போனை வாங்கி, மனேஜரிடம் கொடுக்கிறேன் என்றேன். லைன் அறுந்தது.

அதன் பிறகுதான் கறுப்புக் கண்ணாடி கழன்றது. தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். கேட்க வந்த பெரிய தொகை தப்பியது. காலையில் போனது, மகளின் கலியாண மண்டபத்துக்கு வைத்திருந்த காசு. கோட் நம்பரை அவரே கொடுத்தார் என்று சொல்லிப் பிறகு வங்கி கைகழுவியது.

தனியாகக் கார் ஓட வேண்டாம், மனைவியைக் கூப்பிடுங்கள் என்றேன்.

"மனிசிக்கு மட்டும் சொல்லிப்போடாதையும்."

வீட்டில் ஒருவருக்கும் சொல்லாதே என்றுதான் கள்ளனும் சொல்லியிருந்தான். அவன் போன பிறகும் அண்ணை அவன் சொல்லைத் தட்டவில்லை. அவரே மனைவியை அழைக்கும்வரை பக்கத்தில் நின்றேன். மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"உந்த மெசேஜ் எனக்கும் வந்தது. அழிச்சுப்போட்டன்."

கவுன்ரருக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, பெரிய காசு கேட்டு வருபவரிடம் நூறு கேள்வி வேண்டாம். வீட்டில் தெரியுமா என்று கேளுங்கள். முகம் மாறினால், காசை எண்ணாதீர்கள்.