மீட்புப் படைத் தலைவரும் கரடிக்குட்டியும்

துறை தந்த பாராட்டுப் பத்திரத்தின்படி, எந்த நெருக்கடியிலும் கையைப் பிசைந்துகொண்டு நிற்காதவர் இந்த மீட்புப் படைத் தலைவர். அவர் வீட்டுக் கூடத்துச் சுவரை முக்கால்வாசி அடைத்திருந்த புதுத் தொலைக்காட்சியில், பனிக்கரடிக் குட்டி ஒன்று தாயின் பின்னால் நீந்தித் தளர்ந்துகொண்டிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை பனிப்பாறையே இல்லை.

"ஏதாவது பண்ணுங்கப்பா!" என்றாள் சின்ன மகள்.

"அது வெறும் படம்டா செல்லம்."

"குட்டிக்கு அது தெரியுமா?"

அவர் மகளை மடியில் இழுத்துக்கொண்டார். "கரை சேர்ந்துரும்மா."

"சும்மா கரடி விடாதீங்க. நேத்தே இதை நான் பாத்து அழுதாச்சு" என்றாள் உள்ளேயிருந்து மனைவி.

தொலைக்காட்சியை அணைத்தார்.

"ஐயோ, இப்ப அது இருட்டுல நீந்துதே!" என்று மகள் அலறினாள்.

மறுபடி போட்டார். குட்டியின் மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அவர் மகளின் கண்களைப் பொத்தினார். தன் கண்களையும் மூடிக்கொண்டார்.