ஆத்தைப் பார்த்த ஜன்னலுக்குத் திரை எதுக்குங்க?

ஜாக்கெட் தைக்கிறவளுக்கு ஒரு உடம்போடதான் மல்லுக்கட்டு; திரை தைக்கிறவளுக்கு ஒரு குடும்பத்தோடயே மல்லுக்கட்டு. இந்தத் தொழில்ல இருக்கற அக்கா தங்கச்சிங்களுக்கும், டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு அடுத்தவங்க வூட்டு ஸ்டூல் மேல ஏறி நின்ன அண்ணன் தம்பிங்களுக்கும் இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லீங்க.

நான் தருமபுரி டவுன்ல, ஆத்தோரப் பழைய கடைவீதியில கடை வெச்சிருக்கேன். முன்னெல்லாம் ஜாக்கெட்டும் சுடிதாரும்தான். பெரிய துணிக்கடைங்க ஒண்ணொண்ணா பைபாஸ் பக்கம் போனதும் எங்க தெரு ஈ ஓட்ட ஆரம்பிச்சுது. எறங்க ஆளில்லைன்னு டவுன் பஸ்ஸும் நிக்காம போச்சு. கடைசியில கடை ஓனர் வந்து, "அடுத்த வருசம் தை பொறந்ததும் காலி பண்ணிக்கம்மா, குடோனுக்குக் கேக்கறாங்க"ன்னுட்டார். வூட்டுலயே தைக்கலாமேன்னு கேப்பீங்க. மெஷினைப் போட்டா மனுசன் காலை நீட்ட எடமில்லாத வாடகை வூடு என்னோடது. கடை போச்சுன்னா பொழப்பும் போச்சு, அவ்ளோதான்.

அந்த நேரத்துலதான் ஆத்துல மண்டிக் கெடந்த முள்ளையெல்லாம் வழிச்சு எடுத்து, கரையில நடைபாதையும் வெளக்கும் போட்டாங்க. அதுக்கு எதிர்ல, என் கடைக்கு நேரா, ரெண்டு வருசமா எழும்பிக்கிட்டு இருந்த ஏழு மாடி அடுக்கு வூடும் முடிஞ்சுது. விளம்பரப் பலகையைப் பாத்தா ஒகேனக்கல்லே எங்க தெருவுல வந்து கொட்டற மாதிரி தண்ணி. நெசத்துல மழை பேஞ்சா உண்டு, இல்லாட்டி கொக்கு கால் நனைக்கற அளவுதான். ஆனா வூட்டுக்கு வூடு ஆத்தைப் பாத்து ஆள் உசரத்துக்குக் கண்ணாடி ஜன்னல் வெச்சிருந்தாங்க. கட்டினவங்க மகராசனா இருக்கணும்.

துண்டு

மொதல்ல வந்தது பென்னாகரத்துல இருந்து நாலாவது மாடிக்குக் குடிவந்த டீச்சரம்மா. கையில ஒரு பெட்ஷீட்டைச் சுருட்டிக்கிட்டு, ரோட்டைத் தாண்டி ஓட்டமா ஓடியாந்தாங்க. "அக்கா, திரை தைப்பீங்களா? இன்னிக்கே வேணும்." அதுவரைக்கும் நான் திரைன்னு ஒண்ணைத் தைச்சதே இல்லீங்க. "தைப்பேனே"ன்னேன். பாவாடைக்கு நாடா கோக்கத் தெரிஞ்சவளுக்குத் திரைக்குக் கம்பி கோக்கத் தெரியாதா?

அளவெடுக்க மேல போனேன். மஞ்சள் துணிதான் வேணும்னாங்க டீச்சரம்மா, ஆனா அவசரம் எதுக்குன்னு சொல்ல வாய் வரல. ஜன்னல்கிட்ட போய் நின்னதும் எனக்கே புரிஞ்சுபோச்சு. நேர் எதிர்ல பாலம். பாலத்துல டிராபிக்ல மாட்டின பஸ்ஸு. பஸ்ஸுல இருக்கற சனம் மொத்தமும் வேற வேலையில்லாம இந்த ஹாலைத்தான் பாத்துக்கிட்டு இருக்குது. உள்ரூமுல இருந்து டீச்சரம்மா வூட்டுக்காரர், கதவைக் கொஞ்சூண்டு தொறந்து தலையை மட்டும் நீட்டினார். குளிச்சுட்டு துண்டோட நின்னுக்கிட்டு இருந்திருக்கார் மனுசன். "சீக்கிரம் தைங்க டெய்லரக்கா. கூடக் காசு குடுத்து இந்தப் பக்கம் வாங்கினது நான் ஆத்தைப் பாக்கறதுக்கு. பஸ்ஸுக்காரங்க என்னைப் பாக்கறதுக்கு இல்லீங்க."

நாலடியும் எட்டடியும்

திரை தைக்கிற எல்லாருக்கும் இந்த அக்கப்போரு நடந்திருக்கும். பாப்பாரப்பட்டியில மாந்தோப்பு வெச்சிருக்கற பெரியவர் ஒருத்தர், அவரைத் தோப்புக்காரர்னே சொல்றேன், சம்சாரத்தோட ரெண்டாவது மாடிக்கு வந்தார். ஜன்னல் அகலம் நாலடி. நான் எட்டடித் துணி கேட்டேன். மனுசன் என்னை ஏற எறங்கப் பாத்தார். "ஜன்னல் நாலடி, துணி மட்டும் எப்படிம்மா எட்டடி ஆவும்?"ன்னார். சுருக்கம் வெச்சாத்தானுங்க திரை மடிப்பு மடிப்பா விழும், இல்லாட்டி சுவத்துல போஸ்டர் ஒட்டின மாதிரி இருக்கும்னு சொல்லிப் பாத்தேன். ம்ஹூம். தானே கையால மொழம் போட்டு அளந்தார். அப்பவும் நாலடிதான் வந்துச்சு. "கண்ணு, நெருக்கி வெதைச்சா பயிரு வீணாப் போவும். உனக்கு மட்டும் துணிய நெருக்குனாத்தான் அழகா?"ன்னு கேட்டு, ஜெயிச்ச மாதிரி ஒக்காந்துட்டார்.

நான் டேப்பைச் சுத்திக்கிட்டுக் கெளம்பறேன். அதுவரைக்கும் சிவனேன்னு சோபாவுல இருந்த அந்தம்மா, எழுந்திரிக்காமயே சொன்னாங்க: "அப்போ நாளைலேர்ந்து உங்க வேட்டியையும் இடுப்புச் சுத்தளவுக்கு மட்டும் வெட்டிக் கட்டிக்கிட்டுத் தோப்புக்குப் போங்க. ஊரே வந்து பாக்கட்டும்."

எட்டடி, பச்சைக் கலர்ல.

இல்லீங்க, பேச்சை வாங்குனவர் சும்மா இருப்பாரா? நான் கதவுகிட்ட போனப்ப அவர் சொன்னதையும் சொல்லிடறேன்: "தைச்சுக் குடும்மா. ஆனா அந்த வேட்டி விசயத்தைத் தெருவுல சொல்லிடாத."

புளி

அந்த அடுக்கு வூட்டுல ஒரு சட்டம்: ஆத்தைப் பாத்த பால்கனியில எதையும் காயப்போடக் கூடாது. அஞ்சாவது மாடிக்கு வந்த அரூர் பக்கத்து அக்காவுக்கு அந்தச் சட்டத்தை யாரும் சொல்லல. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாங்க. மாசி மாசம், புளி சீசன். ஊருல இருந்து வந்த புளியை ஓடு எடுத்து, கொட்டை எடுத்து, பால்கனி பூராவும் பரப்பி வெச்சிருந்தாங்க. "டெய்லரக்கா, ஹால்ல இருந்து பாத்தா பால்கனியில இருக்கறது ஒண்ணும் தெரியக் கூடாது. கெட்டியா, அரக்குக் கலர்ல"ன்னாங்க. கோணிப்பைக்கு அடுத்த கெட்டி எதுவோ அதை எடுத்துத் தைச்சேன்.

மாட்டிக்கிட்டு இருக்கறப்பவே காலிங் பெல்லு. அங்க குடியிருக்கறவங்க சங்கத்துச் செகரட்டரி, எல்லா வூட்டையும் ஒரு சுத்து பாக்க வந்திருக்கார். அக்கா என்னைப் பாக்கறாங்க, நான் ஸ்டூல் மேல இருந்து அக்காவைப் பாக்கறேன். செகரட்டரி உள்ள வந்து, திரையை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தார். மூக்கை ரெண்டு தடவை இழுத்தார். "திரை பிரமாதமா இருக்குதும்மா. அதுக்குப் பின்னால இருக்கற புளி போன வருசத்ததா, இந்த வருசத்ததா? புதுசுன்னா எங்க வூட்டுக்கு ரெண்டு கிலோ எடுத்து வெய்யுங்க."

பகல்ல ஒரு ராத்திரி

ஆஸ்பத்திரியில நைட் டூட்டி பாக்கற நர்ஸ் பொண்ணு ஒண்ணு, மூணாவது மாடி. பார்டர் பக்கத்து ஊரு. அம்மாகிட்ட போன்ல கன்னடம், என்கிட்ட தமிழ். காலையில வந்து படுத்தா ஜன்னல் வழியா வெயில் மொகத்துல அடிக்குது, தூக்கமே இல்லைன்னா. கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு. கருநீலத்துல கெட்டித் துணி, உள்ளுக்கு இன்னொரு மடிப்பு லைனிங்கு, ஓரத்துல வெளிச்சம் கசியாம சுவத்துல ஒட்டற மாதிரி பட்டி. எனக்கே தெரியாத வேலையெல்லாம் அன்னிக்குச் செஞ்சேன். மாட்டி முடிச்சு இழுத்து உட்டதும் பட்டப்பகல்ல ரூம் கும்மிருட்டாச்சு.

ரெண்டு நாள் கழிச்சு, ஒரு கொக்கி சரியில்லைன்னு நெனப்பு வந்து போய்க் கதவைத் தட்டினேன். ரொம்ப நேரம் கழிச்சுத் தொறந்தா. தலையெல்லாம் கலைஞ்சு, கன்னத்துல தலையணைக் கோடு. ஐயோ, எழுப்பிட்டனேன்னு எனக்குப் பாவமாப் போச்சு. அவ என் கையைப் புடிச்சுக்கிட்டா. "அக்கா, வேலைக்குச் சேந்ததுல இருந்து பகல்லதான் படுக்கறேன். நேத்துதான் எனக்கு ராத்திரி வந்துச்சு."

கூலி வாங்கறோம், அது வேற. இப்படி ஒரு வார்த்தை வாங்கறது வேறங்க. அன்னிக்கு மாடிப்படியில நின்னு கண்ணைத் தொடைச்சுக்கிட்டேன். எதிர்ல வந்த வாட்ச்மேன், "ஏம்மா, லிப்ட் வேலை செய்யுதே, எதுக்கு அழுவறீங்க?"ன்னார்.

தண்ணி வந்த நாளு

ஐப்பசியில விடாம மழை. ஒரு காலையில கடையத் தொறக்க வந்தா, ஆத்துல செக்கச்செவேல்னு தண்ணி, கரை கொள்ளாம போவுது. நிமிந்து பாத்தேன். மஞ்சள், பச்சை, அரக்கு, நீலம், நான் தைச்ச அத்தனை திரையையும் ஒதுக்கி உட்டு, ஜன்னலுக்கு ஜன்னல் சனம் நிக்குது. துண்டோட இருந்த டீச்சரம்மா வூட்டுக்காரர், இன்னிக்கும் துண்டோடதான், பாலத்தைப் பத்தின நெனப்பே இல்லாம நிக்கறார். தூங்க வேண்டிய நர்ஸ் பொண்ணும் நிக்கறா. நான் கீழ நின்னு பாக்கறதைப் பாத்துட்டு டீச்சரம்மா மேல இருந்து கத்தினாங்க: "அக்கா, கோவிச்சுக்காதீங்க! தண்ணி போனதும் மறுபடியும் மூடிக்கறோம்!"

கூட்டம்

மார்கழி பொறந்துச்சு. தைக்கு ஒரு மாசந்தான். பாதி வூட்டுக்கு மேல இன்னும் திரை தைக்கல, அந்த ஆர்டர் வந்துட்டா ஓனர்கிட்ட தெம்பாப் பேசலாம்னு மனசுல கணக்குப் போட்டு வெச்சிருந்தேன். அப்பத்தான் சங்கத்துத் தலைவர், பேங்க்ல ரிட்டயர் ஆனவர், ஒரு நோட்டீஸ் ஒட்டினார். பாலத்துல இருந்து பாத்தா கட்டடம் கொடியில துணி காயப்போட்ட மாதிரி இருக்குதாம். ஆத்துப் பக்கம் எல்லாருக்கும் ஒரே வெள்ளைக் கலர்ல, மேல சுருட்டற மாதிரி மறைப்பு, பெங்களூர்ல இருந்து கம்பெனிக்காரங்க வந்து மாட்டுவாங்க. தலைவரும் கெட்டவர் இல்லீங்க, கட்டடம் பாக்க லட்சணமா இருக்கணும்னு நெனச்சார். ஆனா அந்த லட்சணத்துல என் கடை போயிடும்.

கூட்டம் கீழ கார் நிறுத்தற எடத்துல. டீச்சரம்மா என்னையும் இழுத்துக்கிட்டுப் போய் கடைசி நாற்காலியில ஒக்கார வெச்சாங்க. கம்பெனித் தம்பி நல்லாத்தான் பேசுனான். செகரட்டரி மெதுவா, "வெள்ளைன்னா பின்னால இருக்கறதெல்லாம் தெரியுமே தம்பி"ன்னு கேட்டார். அரூர் அக்கா வேகமா தலையாட்டினாங்க. நர்ஸ் பொண்ணு எந்திரிச்சு, "எனக்கு இருட்டு வேணுங்க சார்"னு மட்டும் சொல்லிட்டு ஒக்காந்துட்டா. தம்பி எல்லாத்துக்கும் பதில் வெச்சிருந்தான். என் பக்கம் தராசு சாயல. நான் புடவை முந்தியைத் திருகிக்கிட்டு ஒக்காந்திருந்தேன்.

அப்ப தோப்புக்காரர் எழுந்தார். போச்சுடா, துணி மிச்சம்னு இவரே மொதல்ல கையைத் தூக்குவார்னு நெனச்சேன். "தம்பி, எங்க வூட்டு ஜன்னல் நாலடி. உங்க துணி எத்தனை அடி?" தம்பி பெருமையா, "கரெக்டா நாலடிங்க சார், ஒரு இஞ்சு வீணாகாது"ன்னான். தோப்புக்காரர் தலையை ஆட்டினார். சம்சாரத்தை ஒரு தடவை ஓரக்கண்ணுல பாத்தார். "நாலடி ஜன்னலுக்கு எட்டடி வேணும் தம்பி. சுருக்கம் இல்லாத திரை, இடுப்புச் சுத்தளவுக்கு வேட்டியை வெட்டிக் கட்டிக்கிட்டுத் தோப்புக்குப் போற மாதிரி."

ஸ்டாப்பு

அந்தச் சிரிப்புலயே கூட்டம் கலைஞ்சுது. அவங்கவங்க வூடு, அவங்கவங்க திரைன்னு முடிவாச்சு. தலைவர் மட்டும் வெள்ளைதான் வேணும்னார். சுருக்கம் வெச்சு வெள்ளையிலயே தைச்சுக் குடுத்தேன். பொங்கலுக்குள்ள மிச்ச வூட்டுல பாதி மாட்டிட்டேன். கட்டடம் இன்னும் கொடியில துணி காயப்போட்ட மாதிரிதான் இருக்குது, தலைவர் சொன்னது பொய்யில்ல. ஆனா சாயங்காலம் கரையில நடக்க வர்ற சனத்துக்காகப் பக்கத்துல ஒரு டீக்கடை, பூக்கடை, வேர்க்கடலை வண்டின்னு தெருவுக்கு உசுரு வந்துச்சு. எறங்கறதுக்கு ஆள் வந்ததும் டவுன் பஸ்ஸும் நிக்க ஆரம்பிச்சுது.

தை பொறந்து மூணாம் நாளு. டவுன் பஸ்ஸு வந்து நின்னுச்சு. கண்டக்டர் படியில தொங்கிக்கிட்டு, "கலர் ஜன்னலெல்லாம் எறங்கு, கலர் ஜன்னல்!"னு சத்தம் போட்டார். எறங்கினவங்கள்ல ஒருத்தர் எங்க கடை ஓனர். பேசறதுக்கு ராத்திரியெல்லாம் ஒத்திகை பாத்து வெச்சிருந்ததை மனசுல ஓட்டிக்கிட்டே கடை வாசலுக்கு வந்தேன். மனுசன் ரோட்டுலயே நின்னு அந்த ஏழு மாடியையும் பாத்தார், டீக்கடைக் கூட்டத்தைப் பாத்தார், கடைக்குள்ள மலை மாதிரி கெடந்த துணியைப் பாத்தார். அப்புறம் என் கடைப் பூட்டைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தார். "கலர் ஜன்னல்னு கத்தறானே, அது எந்த ஊருன்னு எறங்கினேன். என் கடை முன்னாலயே எறக்கி உட்டுட்டான். ஏம்மா, இந்தப் பூட்டு துருப்புடிச்சுக் கெடக்குது, நல்லதா ஒண்ணு வாங்கிப் போடு. இருக்கப்போற கடைக்கு இப்படியா பூட்டு போடுவாங்க?"

ஆத்தைப் பாக்கணும்னு ஆசைப்பட்டு வந்தவங்க எல்லாரும் அந்த ஆத்தையே மறைச்சுக் குடுன்னு என்கிட்ட வந்ததாலதான் என் தெருவும் பொழைச்சுது நானும் பொழைச்சேன். மனுசங்க ஆசை எப்பவும் இப்படிக் கொஞ்சம் சுருக்கம் வெச்சே இருக்கட்டுமுங்க.