நானூற்றுப் பன்னிரண்டாம் மணிக்கூடு

மண்ணெண்ணெயில் நனைத்த பழந்துணியின் மணம் எங்கே வந்தாலும், எனக்குத் தில்லையடி வீட்டின் முன்னறையும் வாப்பாவின் மடியில் மல்லாந்து கிடக்கும் ஏதோவொரு மணிக்கூடும்தான் நினைவுக்கு வரும். கையில் கட்டுகிற மணிக்கூடு அல்ல. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து றெயில்வேக்காரர்களுக்குக் கொடுத்துவந்த, சங்கிலி கோத்துச் சட்டைப்பைக்குள் வைக்கிற, உள்ளங்கையை நிறைக்கும் கனமான மணிக்கூடு. உப்பளத்துக் காற்று எதையும் சும்மா விடாது என்பதால், துடைத்து முடித்தவற்றை வாப்பா ஒரு பிஸ்கட் டின்னில் அரிசி பரப்பி அதற்குள் புதைத்து வைப்பார். நேரம் பார்க்க ஒரு மணிக்கூடு காணாதா, தின்கிற அரிசியையும் அதற்குக் கொடுக்க வேண்டுமா என்று உம்மா அடுப்படியிலிருந்து முறைப்பட்டுக்கொண்டே இருப்பார்.

வாப்பா மன்னார்ப் பாதையில் ஓடிய "கோச்சி"யில், அதாவது றெயிலில், கொடி காட்டி அனுப்புகிற "காட்" ஆக இருந்தவர். தொண்ணூறில் யுத்தத்தால் கோச்சியும் நின்று, முஸ்லிம்கள் எல்லாரும் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது, உம்மாவின் முந்தானை முடிச்சில் தன் மணிக்கூட்டை ஒளித்துக்கொண்டு வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கி, தில்லையடியில் குடியேறியவர். அவருடைய கோச்சியை ஓட்டியவர் தலைமன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர் சந்தியாப்பிள்ளை. கோச்சி புறப்படுமுன் காட் என்ஜினடிக்கு நடந்துபோய், தன் மணிக்கூட்டையும் றைவரின் மணிக்கூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து நேரம் ஒத்துப்பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பச்சைக்கொடி. அப்படி வருடக்கணக்காக ஒத்துப்பார்த்த மனிதர் என்னவானார் என்று பிறகு யாருக்கும் தெரியவில்லை. இந்தியாவுக்கு வள்ளமேறினார் என்றார்கள். அந்த வள்ளம் கரை சேரவில்லை என்றும் சொன்னார்கள்.

யுத்தம் முடிந்து பாதை திறந்ததும், பழைய சாமான் வாங்கி விற்கிற ரவூப் நானா தன் லொறியோடு மன்னார், வவுனியா என்று போய்வரத் தொடங்கினார். ஒடுங்கிய செம்புகளுக்கும் கால் உடைந்த கதிரைகளுக்கும் இடையில் எப்போதாவது ஒரு றெயில்வே மணிக்கூடும் வரும். அதை நேரே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். வாப்பாவுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்ததால், பின்மூடியில் வெட்டியிருக்கும் இலக்கத்தை வாசிப்பது என் வேலை. நான் வாசிப்பேன், வாப்பா "அல்ஹம்துலில்லாஹ்" என்பார், பேரம் பேசாமல் வாங்கிவிடுவார். நல்ல சாமான் கிடைத்த சந்தோசம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். கண்ணாடி உடைந்து முள்ளும் இல்லாத ஒன்றுக்கும் அதே அல்ஹம்துலில்லாஹ் வந்தபோதுதான் ஏனென்று கேட்டேன்.

"சந்தியாப்பிள்ளைட நம்பர் நானூத்திப் பன்னெண்டு, மவள். அந்த மனுசன் உசிரோட இருந்தா அத விக்கமாட்டார். வந்தது அதில்ல எண்டா, அவர் எங்கயோ இருக்கார்."

நல்ல செய்தி சொன்ன சாமானைத் திருப்பி அனுப்ப மனம் வராதாம், அதனால்தான் வாங்குகிறாராம். உலகத்தில் எதையாவது சேர்க்கிறவர்கள் தங்களிடம் இல்லாததைத் தேடுவார்கள். நாங்கள் அது கிடைத்துவிடக் கூடாதென்று சேர்த்தோம். அன்றிலிருந்து பின்மூடியைத் திருப்பும்போதெல்லாம் முதல் இலக்கம் நான்கா என்றுதான் பார்ப்பேன். முகம் தெரியாத அந்த றைவருக்காக நானும் தொழுகையில் துஆக் கேட்கத் தொடங்கினேன்.

ஒருநாள் அசர் தொழுகைக்குப் பிறகு ரவூப் நானா கடதாசியில் சுற்றிய ஒன்றோடு வந்தார். கறுத்துப்போயிருந்த பின்மூடியைச் சட்டை நுனியால் தேய்த்தேன். நான்கு, ஒன்று, இரண்டு. ஓர் இலக்கத்தை மாற்றிச் சொன்னால் வாப்பாவுக்குத் தெரியப்போவதில்லை என்று மனம் சொல்லியது. ஆனால் நான் மூடியையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதிலேயே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"வாசி மவள்," என்றார்.

வாசித்தேன்.

"இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்." மரணச் செய்தி கேட்டால் சொல்கிற வார்த்தை.

உம்மா அடுப்படியிலிருந்து வந்து, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மௌத்து வீட்டில் இருப்பதுபோல் நிலத்தில் உட்கார்ந்தார். அதை எந்த வீட்டில் வாங்கினார் என்று ரவூப் நானாவுக்கே தெரியவில்லை; பல கை மாறி வந்ததாம். கொடுத்த காசையும் அவர் தொடவில்லை. வாப்பா அந்த மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்தார், அது ஓடியது. பிறகு தன்னுடையதை எடுத்துப் பக்கத்தில் பிடித்து, முள்ளைத் திருப்பி நேரம் ஒத்துப்பார்த்தார். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. மறுநாள் வாப்பா பஸ் ஏறி மாம்புரிப் பக்கம் தெரிந்த கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பமொன்றிடம் போய், சந்தியாப்பிள்ளையின் பேருக்குப் பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அதன்பிறகு ரவூப் நானா கொண்டுவந்த எந்த மணிக்கூட்டையும் அவர் வாங்கவில்லை.

வாப்பாவும் மௌத்தாகிவிட்டார். மன்னாருக்கு மறுபடி கோச்சி ஓடுகிறது. போன மாதம் நானும் அதில் போனேன். புறப்படுமுன் காட் என்ஜினடிக்கு நடந்துபோவார் என்று யன்னலால் தலையை நீட்டிக் காத்திருந்தேன். அவர் நின்ற இடத்திலேயே கைத்தொலைபேசியைப் பார்த்துவிட்டுக் கொடியைக் காட்டினார். மணிக்கூட்டு டின் இப்போது என் அலுமாரிக்குள் இருக்கிறது; நானூற்றுப் பன்னிரண்டும் அதற்குள்தான். பழைய சாமான் கடைகளில் அப்படியொன்றைக் கண்டால் என் கை இன்னும் தானாகவே பின்மூடியைத் திருப்பிப் பார்க்கிறது. இது அதில்லை என்று சந்தோசப்பட எனக்குத்தான் ஓர் இலக்கம் இல்லை.