சாக்லேட் பால் பாத்திரமும் ஹிஸ்கெயின் சபதமும்

ஹிஸ்கெயைப் பற்றி எழுதச் சொன்னால் எங்கள் ஊரில் ஆளுக்கொரு கதை எழுதுவார்கள். அவள் பஸ்ஸில் போகிறவர்கள் அவள் போடும் பிரேக்கைப் பற்றி எழுதுவார்கள். நான் எழுதப்போவது, அவள் ஒரு கம்பெனியை, இல்லை, நாலைந்து கம்பெனிகளைத் தன் வீட்டை விட்டுத் துரத்திய கதை. அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பெருமைப்படுகிற மாதிரியான பங்கு இல்லை. அதனால் கொஞ்சம் தாமதமாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஆல்ட்சில். ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில், பத்து நிமிடம் சைக்கிள் மிதித்தால் தீர்ந்துபோகிற ஊர். ஹிஸ்கெ லேவார்டன் பஸ்ஸை ஓட்டுகிறாள், வயது ஐம்பத்தெட்டு. மூன்று வருடம் முன்பு ஏப்ரலில் அவள் புருஷன் சிப்ரன் இறந்தான். ஜூனில் ஒருநாள், பஸ்ஸைக் கடைசி நிறுத்தத்தில் போட்டுவிட்டு ரொட்டியைப் பிரித்தபோது, அவள் போன் தானாக ஒரு குட்டிப்படம் காட்டியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சிப்ரன், மூக்கில் குழாயோடு சிப்ரன், எல்லாம் வரிசையாக. பின்னணியில் துள்ளலாக ஒரு பாட்டு. மேலே 'இனிய நினைவுகள்' என்று தலைப்பு.

அன்று ஏழு நிமிடம் தாமதமாகக் கிளம்பினாள். எங்கள் பக்கம் பஸ் ஏழு நிமிடம் தாமதம் என்றால் ஊரே பேசும். சாயங்காலம் என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள்.

"வெல்மூட், என் புருஷன் படத்துக்குப் பாட்டுப் போடச் சொல்லி இவனுங்கள யாருடி கேட்டா?"

"மெஷின்தானேடி. அதுக்கு என்ன தெரியும்?"

"தெரியாதுல்ல? அப்ப தெரியாதவன் என் வீட்ல எதுக்கு உட்கார்ந்திருக்கான்?"

 

அன்றிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே போட ஆரம்பித்தாள். முதலில் படங்கள். எல்லாவற்றையும் இறக்கி ஒரு டிஸ்க்கில் போட்டு அலமாரியில் வைத்தாள். பிறகு மெயிலை இங்கே பக்கத்து நாட்டில் இருக்கும் ஒரு சின்னக் கம்பெனிக்கு மாற்றினாள். மாதம் ஒரு யூரோ. தேடுவதற்கு வேறு தளம், வழி பார்க்க வேறு மேப். அந்த மேப் முதல் வாரமே அவளை ஒரு மாட்டுக் கொட்டகைக்குள் கொண்டுபோய் விட்டது. அவளோ மேப்பைத் திட்டவில்லை; யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற மேப் அது, உட்கார்ந்து அந்தச் சந்தின் வழியைத் திருத்திவிட்டு வந்தாள். கடைசியாகப் பழைய போன் ஒன்றை வாங்கி, அதில் அமெரிக்கக் கம்பெனி வாசனையே இல்லாத ஏதோ ஒன்றை ஏற்றினாள். குளிர் என்றால் அந்த போனுக்கு ஆகாது, பொசுக்கென்று படுத்துவிடும். பிறந்தநாட்களுக்கு மட்டும் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை. எங்கள் பக்கம் எல்லார் வீட்டையும் போல அவள் வீட்டிலும் பிறந்தநாள் காலண்டர் கக்கூஸில்தான் தொங்குகிறது. "இங்க எவனும் எட்டிப் பாக்க மாட்டான்," என்பாள்.

இதுவரை அது அவள் பாடு. வம்பு வந்தது ஐஸ் சங்கத்தில்.

எங்கள் சங்கத்தில் எண்பத்தெட்டு உறுப்பினர்கள். ஹிஸ்கெதான் செயலாளர். குளிர்காலத்தில் ஒரு புல்வெளியில் தண்ணீர் கட்டி வைப்போம். உறைந்தால் மறுநாளே சறுக்குப் போட்டி. நாள் குறிக்கவெல்லாம் முடியாது, ஐஸ் எங்களுக்காகக் காத்திருக்காது. நாலு வருடமாக உறையவே இல்லை. அதனால் உறைந்ததும் எல்லாருக்கும் சேதி போய்ச் சேருவதுதான் சங்கத்தின் உயிர். அந்தச் சேதி ஊரே வைத்திருக்கிற அமெரிக்க ஆப்பில்தான் போய்க்கொண்டிருந்தது.

அக்டோபர் கூட்டத்தில், காபி ஊற்றி, ஆளுக்கொரு பிஸ்கெட் கொடுத்து டப்பாவை மூடியதும், ஹிஸ்கெ எழுந்தாள். சங்கத்துக்கென்று சொந்தமாக ஒரு சின்ன கம்ப்யூட்டர், ரொட்டி அளவுதான், அதை ஐஸ் ஓரத்தில் இருக்கும் நம் கொட்டகையிலேயே வைக்கலாம், சேதி அதன் வழியாகவே போகட்டும், நம் பேச்சு நம் கொட்டகையில் இருக்கட்டும் என்றாள்.

கெர்பன் கையைத் தூக்கினான். மாட்டுப்பண்ணைக்காரன், பழைய சாம்பியன், போட்டி நடுவர். சங்க விதிகளை மனப்பாடமாக ஒப்பிப்பான்.

"ஏம்மா செக்ரெட்டரி, நம்ம பேச்சுல அப்படி என்ன ரகசியம் இருக்கு? ஐஸ் எத்தனை சென்டிமீட்டர்னு அமெரிக்காக்காரன் தெரிஞ்சுக்கிட்டா சறுக்க வந்துருவானா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஹிஸ்கெயும் சிரித்தாள். ஆனால் அடுத்து ஒரு வார்த்தை விட்டாள்.

"இதனால ஒரே ஒரு உறுப்பினர் போட்டியத் தவறவிட்டாலும், பழைய ஆப்புக்கே நானும் வந்துடறேன். இந்த நோட்டையும் குடுத்துடறேன்."

நோட்டு என்றால் சங்கத்தின் கூட்டக் குறிப்பு நோட்டு. சிப்ரன் பதினோரு வருடம் அதில் எழுதியவன். அவனுக்குப் பிறகு அவள் எழுதுகிறாள். அலமாரி டிஸ்க்கை விட்டால், அவள் கையில் மிஞ்சியிருந்த சிப்ரன் அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். மேசைக்கடியில் அவள் காலை மிதித்துப் பார்த்தேன், நேரம் கடந்துவிட்டது. பதினேழுக்குப் பதினாலு என்று அவள் பக்கம் ஓட்டு விழுந்தது. கெர்பன் எழுந்து, "சபதத்தையும் குறிப்புல எழுதிக்க," என்றான். எழுதிக்கொண்டாள்.

டிசம்பருக்குள் ஐம்பது பேர் சங்கத்தின் புதிய ஆப்புக்கு வந்துவிட்டார்கள். மிச்சம் முப்பத்தெட்டு பேர், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்துகொள்வதாக ஏற்பாடு. கெர்பன் அந்த முப்பத்தெட்டில் ஒருவன் என்று சொல்லவே வேண்டாம்.

ஜனவரியில் குளிர் பிடித்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தலைவர் வோப்பே ஐந்து இடத்தில் துளை போட்டுப் பார்த்தான். பன்னிரண்டு சென்டிமீட்டர். நாளை பத்து மணிக்குப் போட்டி என்று நிர்வாகத்தில் நாங்கள் நாலு பேர் முடிவு செய்தோம். வேலைக்குப் போயிருந்த ஹிஸ்கெக்கு வோப்பே போன் போட்டுச் சொன்னான். அவள் ஐந்து மணிக்கு டெப்போவில் இருந்து சேதியைத் தட்டி அனுப்பிவிட்டு, போனைப் பைக்குள் போட்டு, பஸ்ஸைக் கிளப்பினாள்.

இனி என் பங்கு. அதே வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நான் கொட்டகையில் இருந்தேன். போட்டி என்றால் சாக்லேட் பால் வேண்டும். அது கொதிக்கிற பெரிய பாத்திரத்துக்குக் கரண்ட் வேண்டும். இருப்பதே இரண்டு பிளக். ஒன்றில் காபி மெஷின். இன்னொன்றில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு ஏதோ ஒரு பெட்டி. யாரோ ரேடியோவை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிடுங்கினேன். பாத்திரம் சூடாகிறதா என்று சோதித்துப் பார்த்துவிட்டு, வயரை அப்படியே விட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். நாலு வருடமாக உறையாத ஊரில், சேதி தேவைப்படுகிற அந்த ஒரே நாளில்தான் பாலும் தேவைப்படுகிறது. இதை ஏன் யாரும் யோசிக்கவில்லை என்று இன்றுவரை எனக்குக் கோபம், முக்கியமாக என்மேல்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஹிஸ்கெ உள்ளே வந்தாள்.

"வெல்மூட், இந்தப் பெட்டி ஏன் அணைஞ்சிருக்கு?"

"எதுடி? அந்த ரேடியோவா?"

அவள் முகத்தைப் பார்த்ததும் அதுதான் சங்கத்தின் கம்ப்யூட்டர் என்று எனக்குப் புரிந்தது. திட்டியிருந்தால் தேவலை. அவள் காபி மெஷினைப் பிடுங்கிப் பெட்டியைச் செருகினாள். முந்தின நாள் போகாமல் நின்றிருந்த சேதி எட்டேகாலுக்கு ஐம்பது போன்களில் போய் விழுந்தது. மிச்சம் முப்பத்தெட்டு பேர், ஒன்றே முக்கால் மணி நேரம்.

வோப்பே தன் போனை எடுத்தான். "பழைய குரூப் இன்னும் எங்கிட்ட அப்படியே இருக்கும்மா. ஒரு விரல் வேலை. போட்டுடவா?"

ஹிஸ்கெ அவன் கையைத் தள்ளினாள். "ஒன்பதரை வரைக்கும் பொறு. அதுக்குள்ள முடியலன்னா நீ போட்டுக்க, நோட்ட வாங்கிக்க."

நானும் வோப்பேயும் ஆளுக்குப் பாதியாகப் பட்டியலைப் பிரித்துப் போன் அடித்தோம். சாதாரண போன்தான், அதற்கு அவள் விரோதி இல்லை. இருபத்துநாலு பேர் எடுத்தார்கள். பதினாலு பேர் எடுக்கவில்லை, பாதிப் பேர் மாட்டுக்கு அடியில் பால் கறந்துகொண்டு இருந்திருப்பார்கள். அந்தப் பதினாலு பேரின் பட்டியலை வாங்கிக்கொண்டு அவள் சைக்கிளில் ஏறினாள். கார் கிடையாது, நாளெல்லாம் பஸ் ஓட்டுகிறவளுக்கு எதற்கு என்பாள். சறுக்குக் காலணியைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டுப் போனாள், வந்து போட்டுக்கொள்ளலாம் என்று.

ஒன்பதரைக்கு அவள் கெர்பன் வீட்டு முற்றத்தில் இருந்தாள். அவன் ஏற்கெனவே காரில் ஏறிக்கொண்டிருந்தானாம். "பள்ளத்துல ஐஸைப் பாத்தேன், தெரிஞ்சுபோச்சு. இதுக்கு எதுக்கு சேதி?" என்றானாம். ஏறிக்கொள்ளச் சொன்னானாம். இன்னும் இரண்டு வீடு இருக்கிறது என்று இவள் மறுத்துவிட்டாள். அப்போதுதான் வோப்பே போன் அடித்தான். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னும் எத்தனைம்மா?"

"ரெண்டு."

"விரல வச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"அந்த விரல சாக்லேட் பால்ல முக்கு," என்றாள். அதோடு போன் செத்துவிட்டது. குளிர்.

வோப்பே என்னைப் பார்த்தான். "போடவா?"

"போட்டுப் பாரு, பட்டாணி சூப்ப உன் தலையில கவுக்கறேன்."

அவன் போனைப் பையில் வைத்துக்கொண்டான்.

பத்துக்குக் கெர்பன் கம்பத்தில் கொடியேற்றினான். பத்தேகாலுக்குக் கடைசி இரண்டு வீட்டுக்காரர்களும் தங்கள் வேனில் வந்து இறங்கினார்கள்; அவள் சைக்கிளிலேயே பின்னால் வருவதாகச் சொல்லிவிட்டாளாம். நான் தலைகளை எண்ணினேன். எண்பத்தேழு. இன்னொரு தடவை எண்ணினேன். எண்பத்தேழுதான். இரண்டிரண்டு பேராகப் பாய்ந்தார்கள், தோற்றவர்கள் சூப்புக்கு வந்தார்கள், ஜெயித்தவர்கள் திரும்ப வரிசையில் நின்றார்கள். ஹிஸ்கெ வரவில்லை. என் பால் அமோகமாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள், எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

பன்னிரண்டரைக்கு வந்தாள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. பின் டயர் பஞ்சர், ஊருக்கு வெளியே இருந்த கடைசி வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் நடை. மூக்கு பீட்ரூட் நிறத்தில் இருந்தது. ஜெயித்த ஆணுக்கும் பெண்ணுக்கும் வழக்கம்போலப் பன்றித் தொடைக் கறியைப் பரிசாகக் கொடுத்து முடித்திருந்தோம். பலகையில் ஜெயித்தவர்களின் பெயர்களைப் படித்தாள். அப்புறம் கொட்டகைக்குள் வந்து, பையில் இருந்து நோட்டை எடுத்து, வோப்பே முன்னால் நீட்டினாள்.

"எல்லாரும் வந்துட்டாங்க இல்ல?"

"எல்லாரும்தான்..." வோப்பே இழுத்தான்.

"ஒரு ஆள் தவறிடுச்சு. நான். சொன்னது சொன்னதுதான்."

வோப்பே நோட்டைத் தொடவில்லை. நான் அழுதுவிட்டேன், பாத்திரத்துக்கு மேலேயே. பிடுங்கினது நான், கொடுக்கிறது அவள்.

வெளியில் இருந்து கெர்பன் கத்தினான்.

"உள்ள என்ன நாடகம்? ஹிஸ்கெ, ஸ்கேட்டப் போடு!"

"போட்டி முடிஞ்சிடுச்சே."

"யாரு சொன்னா? நடுவர் கொடிய இறக்கினாத்தான் போட்டி முடியும். விதி ஒன்பது. நான் இறக்குனேனா? பட்டியல்ல ஒரு பேரு இன்னும் அடிக்கலை."

கொடி அப்படியேதான் பறந்துகொண்டிருந்தது. இரண்டரை மணி நேரமாக இந்தக் குளிரில் அவன் கம்பத்தடியில் நின்றது கால் வலியால் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"பரிசு குடுத்தாச்சே கெர்பன்," என்றான் வோப்பே.

"பரிசு போகட்டும். அவ ஓடணும்."

"யார் கூட?" என்றாள் ஹிஸ்கெ. "பொம்பளைங்க எல்லாம் காலணிய அவுத்துட்டாங்க."

கெர்பன் உட்கார்ந்து தன் சறுக்குக் காலணிக் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தான். அறுபத்தாறு வயது. இந்த ஊரில் ஒருகாலத்தில் எவனும் அவனை முந்தியதில்லை.

ஓட்டம் தொடங்க ஒரு கைக்கொடியை வோப்பே அசைத்தான். நூற்று அறுபது மீட்டர். முழு ஊரும் ஓரத்தில் நின்று கத்தியது. ஹிஸ்கெயின் கால் சைக்கிளிலும் நடையிலும் ஏற்கெனவே செத்திருந்தது. கெர்பன் விட்டுக்கொடுப்பான் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அவனைத் தெரியாது. எட்டு மீட்டர் முன்னால் போய் ஜெயித்தான், இரக்கமே இல்லாமல். மூச்சிரைக்கப் பட்டியலை வாங்கி, அவள் பெயரை அடித்து, பிறகுதான் கம்பத்துக் கொடியை இறக்கினான்.

"உன் ஆப்ப நான் இந்த வருஷமும் போடப் போறதில்ல, தெரிஞ்சுக்க," என்றான்.

"போடாத. நான் நேர்ல வந்தே சொல்றேன்."

"வரும்போது காபிக்கு நிக்கணும். வாசலோட ஓடக் கூடாது."

அவள் சிரித்தாள். சிப்ரன் போன பிறகு அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை, அந்தச் சந்தோஷத்தில் எனக்கு மறுபடி அழுகை வந்தது. நோட்டைப் பாலும் சூப்பும் சிந்திக் கிடந்த என் மேசைமேல் விரித்து, விறைத்த விரலால் எழுதினாள். கோணல்மாணலாக இருந்தாலும் எல்லாரும் படித்தோம். வந்தவர்கள்: எண்பத்தெட்டு.