புத்தூர்ப் பவளம்

வெங்காயத்தாளின் காரமும் டீசல் புகையும் ஒன்றாக மூக்கில் ஏறும் பருத்தித்துறை மினிபஸ்ஸில்தான், என் மாமியின் பாட்டை முதன்முதலாக வெளியாட்களோடு இருந்து கேட்டேன். சாரதி பாட்டுக் கசற்றைத் திருப்பிப் போட்டதும், அதுவரை சந்தை விலை கதைத்துக்கொண்டிருந்த பெண்கள் அடங்கிப்போனார்கள். “உது எங்கடை புத்தூர்ப் பவளமெல்லே!” என்றாள் ஒருத்தி. அவர் என் அப்பாவின் ஒரே தங்கை என்று சொல்ல எனக்கு நாக்குத் துடித்தது. பக்கத்தில் இருந்த அப்பா என் தொடையில் கிள்ளினார்.

களை பிடுங்கும்போது பாடும் பாட்டுகளை, ஊர்ப்பேச்சில் ஒரு சொல்லும் மாற்றாமல், இசைக்குழுவோடு மேடையில் பாடியவர் மாமி. திருவிழாக்களில் அவர் பாடி முடிக்கும்வரை சனம் எழும்பாது. ஆனால் அவர் முதல் மேடை ஏறிய கிழமையே அப்பா அவரை வீட்டை விட்டுத் துரத்திவிட்டார். “ஆடுகாலி” என்பதுதான் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர். அப்பப்பா மட்டும் கிணற்றடியில் றேடியோவை மெல்லமாக வைத்து மகளின் குரலைக் கேட்பார்.

எனக்குப் பத்து வயதில் அப்பப்பா இறந்தார். பறை அடிக்க, பெண்கள் உடலைச் சுற்றியிருந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த முற்பகலில், மாமி வாசல் படலையடியில் வந்து நின்றார். அப்பா அவரிடம் போகவில்லை, என்னைக் கூப்பிட்டார்.

“போய்ச் சொல்லு, மேடையிலை பாடின வாயாலை இஞ்சை ஒப்பாரி வைக்கக் கூடாது. வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறதெண்டால் வரட்டும்.”

போய்ச் சொன்னேன். சொல்லும்போது பெரிய மனுசி போல இடுப்பில் கை வைத்துக்கொண்டேன் என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

“ஓம் பிள்ளை, நான் அழமாட்டன்,” என்றார் மாமி.

சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்தபடி தகப்பனின் காலடியில் இருந்தார். பாடையைத் தூக்கியபோது ஒரேயொரு கேவல் வெளியே வந்துவிட்டது. அப்பா அவரைத் தலைமயிரில் பிடித்து இழுத்துப்போய்ப் படலைக்கு வெளியே தள்ளினார். அவருடைய பாட்டுக்குக் கைதட்டிய சனம் அத்தனையும் பார்த்துக்கொண்டு நின்றது.

அதன் பிறகும் சில வருடங்கள் மாமி பாடினார். பிறகு தொண்டையில் கட்டி வந்து, அறுவைச் சிகிச்சையோடு குரலும் போயிற்று. கொக்குவிலில் ஒரு வாடகை அறையில் தனியே இருந்தவரைப் பார்க்க அப்பா என்னையும் கூட்டிப்போனார். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறார் என்று நம்பினேன். அவர் மாமியின் கழுத்தில் போட்டிருந்த மருந்துக் கட்டைப் பார்த்தபடி, “இனி நீ வீட்டுக்கு வரலாம் பவளம். இப்ப ஒருதரும் ஒண்டும் சொல்லமாட்டினம்,” என்றார்.

மாமி எழுந்து, விரலை நீட்டி வாசலைக் காட்டினார்.

அடுத்த வருடம் அந்த அறையிலேயே இறந்துபோனார். எல்லாம் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

இன்று அந்த இசைக்குழு இல்லை, கசற்றுகள் இல்லை, வெங்காயத் தோட்டத் தறையில் பாடிக்கொண்டு களை பிடுங்குகிறவர்களும் இல்லை. போன மாதம் ஒரு கலியாண மண்டபத்தில், புதிய தாளம் சேர்த்த மாமியின் பாட்டுக்கு இளசுகள் ஆடினார்கள். ஆர் பாடினது என்று மணப்பெண் கேட்டாள். எண்பது தாண்டிய அப்பா கதிரையில் நிமிர்ந்தார்.

“என்ரை தங்கச்சி. நான்தான் அவளைப் பாட விட்டனான். இவளைக் கேட்டுப்பாருங்கோ.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“ஓம்,” என்றேன்.