கையுறை பிடிக்காத குட்டி

மனைவியின் மனதில் தனக்குப் போட்டியாக ஒரு நீர்நாய்க்குட்டி வந்து உட்காரும் என்று தையற்காரர் கனவிலும் நினைத்ததில்லை. வந்து உட்கார்ந்துவிட்டது. சாப்பிடும்போதும் குட்டி புராணம், துணி உலர்த்தும்போதும் குட்டி புராணம்.

"இன்னைக்குக் கண்ணைத் திறந்து என்னையே பாத்துச்சுங்க" என்பாள்.

"நானுந்தான் இத்தனை வருஷமா உன்னையே பாத்துக்கிட்டு இருக்கேன். யார்கிட்டயாவது போய்ச் சொன்னியா?" என்பார் அவர், வாயில் ஊசியைக் கவ்வியபடி.

அடிபட்ட காட்டு விலங்குகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் அவளுக்கு வேலை. கூண்டு கழுவ வேண்டும், பிளீச்சிங் பவுடர் போட்டுத் தரை தேய்க்க வேண்டும், தாயில்லாத குட்டிகளுக்குப் பால் புகட்ட வேண்டும். அங்கே எல்லோருக்கும் அவள் அக்கா. மகா கோபக்காரி. கழுவிய தரையில் கால் வைத்தால் விலங்குகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா என்றும் பார்க்க மாட்டாள், "கண்ணு பிடரியிலயா இருக்கு?" என்று கேட்டுவிடுவாள். கேட்ட கையோடு அவருக்குத் தேநீரும் போட்டுக் கொடுப்பாள். அப்படி ஒரு பிறவி.

நீர்நாய்க்குட்டி ஆற்றங்கரையில் தனியாகக் கிடந்தது. எடுத்து வந்த அன்றே வம்பு ஆரம்பித்தது. எந்த விலங்கைத் தொட்டாலும் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும் என்பது காப்பகத்தின் கண்டிப்பான விதி. குட்டிக்கோ ரப்பர் நாற்றம் ஆகவே ஆகாது. பாட்டிலை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கீச்கீச்சென்று கத்தும். யாரும் பார்க்காதபோது அவள் கையுறையைக் கழற்றினாள். வெறும் விரலை முகர்ந்தது, மடமடவென்று குடித்தது. பால் குடித்த பிறகு இன்னொரு வேலை உண்டு. ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவிவிட்டால்தான் இந்த வயதுக் குட்டி சிறுநீர் கழிக்கும். தாய் நாவால் நக்கிச் செய்கிற வேலை அது. தடவிவிடுவாள், அவள் கையெல்லாம் நனைந்துபோகும். பிளீச்சிங் பவுடரில் ஊறி ஊறி வெடித்துப்போன விரல்கள் அவை.

இதை ஏதோ போட்டியில் ஜெயித்த மாதிரி வீட்டில் வந்து சொன்னாள்.

"டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சா?" என்றார் அவர்.

"நீங்க சொன்னாத்தானே தெரியும்?"

அப்புறம்தான் காய்ச்சல் வந்தது. அலைச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். கெண்டைக்கால் இரண்டிலும் வலி பிடுங்கி எடுத்தது, படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். கண் மிளகாய்த்தூள் பட்டது போலச் சிவந்துபோனது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவர் கரடியாய்க் கத்தியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு கிளம்பினாள்.

"குட்டியப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

போன வருடம் காப்பகத்துக்கு வந்த நரி ஒன்றுக்கு வெறிநோய் இருந்தது. ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டார்கள். குழி தோண்டியது அவள்தான். மனிதருக்கு ஒட்டுகிற வியாதி எதுவானாலும் விலங்குக்கு அந்த ஊசிதான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். யாரிடமும் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்க அவளுக்குப் பயம். இவர் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். வேறென்ன செய்வார் பாவம், அவள் வந்து வண்டியில் ஏறினால் போதும் என்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தோண்டித் துருவித்தான் கேட்டார். வெள்ளத் தண்ணீரில் நடந்தீர்களா, வீட்டில் எலி உண்டா, என்ன வேலை பார்க்கிறீர்கள்?

"கூட்டிப் பெருக்குற வேலைங்க" என்றாள். பொய்யில்லைதான். ஆனாலும் தையற்காரர் டாக்டரின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

படுக்கையில் சேர்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் காலையில் அவள் கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. சிறுநீர் சரியாகப் பிரியவில்லை என்று நர்ஸ் சொன்னார். தையற்காரர் அவளைப் பார்த்தார். அவள் அந்த மஞ்சள் கண்ணாலேயே அவரை முறைத்தாள். வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்று அதற்கு அர்த்தம். இவள் போய்விட்டால் நான் யாரிடம் சண்டை போடுவேன் என்று நினைத்தார். சத்தியமாவது ஒன்றாவது. வராந்தாவில் டாக்டரைத் துரத்திப் பிடித்து, கையுறை முதல் ஈரப் பஞ்சு வரை ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டார்.

"இதை நேத்தே சொல்லக் கூடாதா?" என்றார் டாக்டர். "எலிக்காய்ச்சல் மாதிரிதான் தெரியுது. பேருதான் எலி, காட்டுல திரியற எத்தனையோ பிராணிகளோட சிறுநீர்ல இந்தக் கிருமி இருக்கும். கை வெடிப்பு வழியா உள்ள போயிருக்கும். பரிசோதனை முடிவு வரட்டும், மருந்தை இப்பவே ஆரம்பிச்சிடறேன்."

அறைக்குத் திரும்பி, "சொல்லிட்டேம்மா" என்றார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். தண்ணீர் வேண்டுமா என்றதற்கும் திரும்பவில்லை.

அங்கிருந்து நேராகக் காப்பகத்துக்குப் போனார். டாக்டரம்மா முன்னால் நின்றதும் மனிதருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டு, "குட்டிக்கு ஊசி போட்டுடாதீங்கம்மா" என்றார்.

"போடத்தான் போறேன் மாமா. மருந்து ஊசி" என்றார் டாக்டரம்மா. "நரிக்கு வந்ததுக்கு மருந்தே கிடையாது. இதுக்கு இருக்கு. அக்காவுக்குக் குடுக்கிற அதே ஜாதி மருந்துதான் இதுக்கும். இதுக்குப் போயா இப்படி உயிரை வச்சுப் பந்தாடினாங்க?" பேசிக்கொண்டே மருந்துப் பெட்டியைத் திறந்தார். "இனிமே கையுறை இல்லாம யாரும் இதைத் தொடக் கூடாது. ஆனா அக்கா வராததுல இருந்து பாட்டிலைத் திரும்பியே பார்க்க மாட்டேங்குது. குழாய் விட்டுத்தான் பால் இறக்குறோம். ரொம்ப நாளைக்கு அது தாங்காது."

தையற்காரர் மேசைமேல் கிடந்த கையுறையை எடுத்து நீட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். பிறகு வீட்டுக்கு ஓடினார். துவைக்கப் போட்டிருந்த கூடையைக் கவிழ்த்தார். காய்ச்சலுக்கு முன்னால் அவள் உடுத்திக் கழற்றிய பருத்தி உடுப்புகள் அத்தனையும் அதில் கிடந்தன. கத்தரிக்கோலை எடுத்தார். ரப்பர் கையுறைக்கு மேலே மாட்டுகிற மாதிரி தளர்வாக உறைகள் வெட்டித் தைத்தார். அவளுக்குப் பிடித்த பூப்போட்ட சட்டையும் போயிற்று. மிச்சம் வைக்கவில்லை.

"ஒவ்வொரு வேளைக்கும் புதுசு ஒண்ணு மாட்டுங்க. பழசை எரிச்சிடுங்க" என்று மூட்டையை டாக்டரம்மாவின் மேசையில் வைத்தார்.

டாக்டரம்மா அவருக்கு முகமூடி மாட்டினார், கண்ணாடி போட்டுவிட்டார், கையுறையைத் தானே இழுத்துச் சரிசெய்தார். குட்டியை டாக்டரம்மாவே பிடித்துக்கொள்ள, பாட்டில் தையற்காரர் கைக்கு வந்தது. பூப்போட்ட துணியில் குட்டி மூக்கை வைத்தது. விரல் விரலாகத் தேடியது. சின்னதாய் ஒரு முனகல். பிறகு பாட்டிலைப் பிடித்து இழுத்தது பாருங்கள், அவர் மணிக்கட்டே ஆடிப்போனது.

"அடி கழுதை, உனக்கும் அவதான் வேணுமா" என்றார் தையற்காரர். அதன்மேல் அவருக்கு இருந்த கோபமெல்லாம் அங்கேயே தீர்ந்துபோனது.

சாயங்காலம் ஆஸ்பத்திரி அறை வாசலில் நின்று, "குடிச்சுது" என்றார்.

சுவர்ப்பக்கம் படுத்திருந்தவள் மெல்லத் திரும்பினாள். "ஊசி போடலையா?"

"போட்டாங்க. உனக்குப் போடுற மாதிரிதான். பிழைச்சுக்குமாம்."

அவள் கண் நிறைந்தது. "யார் புகட்டினா?"

"நான்தான்."

ஊசிக்குழாய் இழுப்பதையும் பாராமல் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "நீங்களா? உங்களை யார் அதைத் தொடச் சொன்னா? விரல் பூரா ஊசி குத்துன காயமா வச்சுக்கிட்டு! கையுறை போட்டீங்களா? கண்ணுல கிண்ணுல தெறிச்சுதா? இங்க கொண்டாங்க கையை." இரண்டு கைகளையும் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சோப்புப் போட்டுக் கழுவினீங்களா? கால் வலிக்குதா? எதையும் மறைக்காதீங்க, என்கிட்ட சொல்லுங்க." இத்தனை வருடத்தில் அவள் பயந்து அவர் பார்த்ததில்லை.

"எனக்கு ஒண்ணுமில்ல. எல்லாம் போட்டுக்கிட்டுத்தான் தொட்டேன்."

அவள் கைகளை விடவில்லை.

"காலையில என்னைப் பாத்தப்ப உங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?" என்றாள்.

"இதைவிட மோசமா இருந்துச்சு" என்றார் தையற்காரர்.

அவள் கட்டிலில் சற்று நகர்ந்து அவர் உட்கார இடம் விட்டாள்.