புரட்டாசியில் வந்து மோந்து பார்த்தவர்

இன்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "எண்பதுகள்ல அதிகாரிங்க ஒழுங்கா வேலை பார்த்தாங்க" என்று எழுதியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது அரியலூரில் எங்கள் வீட்டை ஒட்டியே மீன் மார்க்கெட். நாற்றத்தில் சோறு இறங்காது. ஆடியில் மனுக் கொடுத்தோம்.

சுகாதார ஆய்வாளர் வந்ததோ புரட்டாசி சனிக்கிழமை. ஊரே கவிச்சி தொடாத நாள். ஒரு மீன்கடைகூடத் திறக்கவில்லை.

"நாத்தமே இல்லையேம்மா?" என்றார்.

"ஐப்பசி பொறந்ததும் ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க சார்" என்றார் அம்மா.

"ஞாயித்துக்கிழமை ஆபீஸ் லீவும்மா." அத்தோடு மனுவை முடித்துவிட்டார்.

ஐப்பசி முதல் ஞாயிறே வந்தார். ஒரு கையில் மீன் பை, மறு கையில் மூக்கைப் பொத்திய கைக்குட்டை.

நாற்றமே இல்லாத இடத்தில் கைக்குட்டை எதுக்குங்க? யாராவது சொல்லுங்க.